முவ்வாவுக்கு எந்த வழி?

ஹைதராபாத்தின் கிழக்கே இருக்கும் ஹப்சிகுடாவுக்கு ஒரு வசதி உண்டு. வீட்டை விட்டுக் கிளம்பிய சிறிது நேரத்தில் உப்பல் சந்திப்பு வந்துவிடும். நேரே போனால் வாரங்கல் சாலை. வலது கைப்பக்கம் திரும்பி எல்.பி. நகரைத் தொட்டால் விஜயவாடா சாலை. முதல் சாலை ராமப்பா கோயிலுக்கும் பத்ராசலத்துக்கும் போகிறது. இரண்டாவது கூச்சிப்பூடிக்கும் முவ்வாவுக்கும். தெலுங்குப் பாட்டைத் தேடிக் காரில் கிளம்புகிறவர்களுக்கு இதைவிடத் தோதான பேட்டை நகரில் கிடைப்பது கஷ்டம்.

கிளம்ப நினைக்கிறவர்களும் இங்கே இல்லாமல் இல்லை. உப்பல் சாலையில் வரிசையாக இருக்கும் மத்திய அரசின் ஆய்வுக்கூடங்களில் வேலை பார்க்க வந்து, ஓய்வு பெற்றும் ஊர் திரும்பாமல் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பல. அப்படி ஒரு கும்பகோணத்துத் தம்பதி. கணவர் ஆய்வுக்கூடத்தில் வரைபடங்களோடு காலம் கழித்தவர். மனைவி அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறார். கணவர் போட்ட திட்டத்தில் எட்டு நாள், 14 ஊர், ஏறக்குறைய 1,900 கி.மீ. வாக்கேயகாரர்கள் பிறந்த ஊர், வாழ்ந்த வீடு, சிலை, நினைவு மண்டபம் என்று ஒன்று விடாமல் குறித்திருந்தார். காகர்ல கிராமம்கூட அதில் இடம்பெற்றிருந்தது. தியாகராஜரின் குடும்பப் பெயர் காகர்ல என்பதுதான் காரணம். முன்னோர் அந்த ஊரைவிட்டு வந்து, தலைமுறைகள் கழிந்து, 1767-ல் திருவாரூரில் பிறந்தவர் தியாகராஜர். அவர் காகர்லவுக்குப் போனதாக யாரும் எழுதி வைக்கவில்லை.

பட்டியலைப் படித்த மனைவி கேட்டது ஒரே கேள்வி. "ஏங்க, நாம பாட்டுக் கேட்கப் போறமா, போர்டு படிக்கப் போறமா?"

தெலுங்கு நாட்டு இசையைப் பொறுத்தவரை இது ஏதோ குதர்க்கம் அல்ல. பாட்டு பிறந்த ஊர் ஒன்று, அது பிழைத்த ஊர் வேறொன்று என்பதே அங்கு பெரும்பாலும் நடந்த கதை. விஜயநகரப் பேரரசு சரிந்த பிறகு தெலுங்குப் புலவர்களும் ஆட்டக்காரர்களும் தஞ்சாவூர் நாயக்கர்களின் தயவை நாடித் தெற்கே வந்தார்கள். பாட்டும் அவர்களோடு வந்தது. பிற்பாடு அதில் கொஞ்சம் வந்த வழியே திரும்பியும் போயிற்று. ஆகவே ஊர்ப்பெயரை வைத்துத் திட்டம் போட்டால் சிமெண்டுச் சிலைகள்தான் கிடைக்கும். எந்த மாதம், எந்த வேளை, யார் வாயிலாக என்று பார்த்துப் போட்டால் சில இடங்களில் பாட்டும் கிடைக்கும்.

முதல் நாள் காரை உப்பல் பக்கம் திருப்பவே வேண்டியதில்லை. ஹப்சிகுடா என்ற பெயரிலேயே ஒரு தாளம் இருக்கிறது. 'ஹப்ஷி' என்றால் அபிசீனியாக்காரர். நிஜாமின் படையில் இருந்த ஆப்பிரிக்க வீரர்களால் வந்த பெயர் என்பதுதான் ஊரில் வழங்கும் விளக்கம். மாசாப் டேங்க் அருகே உள்ள ஏ.சி. கார்ட்ஸ் என்ற பேட்டையின் பெயரைக் கேட்டுக் குளிர்சாதனம் என்று நினைத்தவர்கள் உண்டு. அது ஆப்பிரிக்கன் கேவல்ரி கார்ட்ஸ், அதாவது ஆப்பிரிக்கக் குதிரைப்படை. 1948-ல் ஹைதராபாத் இந்தியாவோடு சேர்ந்ததும் நிஜாமின் படை கலைக்கப்பட்டது. வேலை போன சித்திகளின் குடும்பங்களில் சிலருக்கு மர்ஃபா கைகொடுத்தது. ஆப்பிரிக்காவும் ஏமனும் கலந்த முரசு, தஃப் வாத்தியக் கொட்டு அது. இன்றும் ஹைதராபாத் கல்யாண ஊர்வலங்களில் மாப்பிள்ளையின் தோழர்களை ஆடவைப்பது மர்ஃபாதான். பிள்ளையார் ஊர்வலத்திலும் கேட்கலாம். இசைப் பாரம்பரியச் சுற்றுலா என்றதும் கர்நாடக இசையை மட்டும் நினைக்கிறவர்கள், தங்கள் தெருவின் பெயரில் இருக்கும் இந்தக் கொட்டை ஏனோ கணக்கில் சேர்ப்பதில்லை.

வடக்கே சில கி.மீ. தூரத்தில் மௌலா அலி குன்று. அதன் அடிவாரத்தில் மஹ் லகா பாய் சந்தாவின் கல்லறை. 1768-ல் பிறந்து 1824-ல் இறந்தவர். நிஜாமின் அரசவையில் பாடி ஆடிய கணிகை, உருது கஜல் கவிஞர். போருக்கும் வேட்டைக்கும் நிஜாமோடு போனவர். ஜாகிராகப் பெற்ற நிலங்களில் அடிக்மெட்டும் ஒன்று. உஸ்மானியா பல்கலைக்கழகம் பின்னாளில் அந்தப் பக்கம்தான் எழுந்தது. தாய்க்காகத் தானே கட்டிய கல்லறைத் தோட்டத்தில் தாயின் பக்கத்திலேயே அவரும் அடங்கியிருக்கிறார். சிதிலமாகக் கிடந்த இடம் 2010 வாக்கில் அமெரிக்க நிதி உதவியோடு பழுது பார்க்கப்பட்டது. ஹப்சிகுடாவில் பல்லாண்டு குடியிருப்பவர்களிலும் இதைப் பார்த்தவர்கள் குறைவு.

வண்டி கிளம்புமுன் நினைவில் வைக்க வேண்டிய இன்னொருவர், தர்சனம் மொகிலய்யா. நாகர்கர்னூல் பக்கத்துக் கின்னேரா கலைஞர். மூங்கில் தண்டில் சுரைக்குடுக்கைகளைக் கோத்துச் செய்யும் 12 மெட்டுக் கின்னேராவை மீட்டி, பணக்காரர்களிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்த பண்டுக சாயன்னாவின் கதையைப் பாடுகிறவர். 'பீம்லா நாயக்' படப் பாட்டில் அவர் குரல் ஊரெங்கும் ஒலித்தது. 2022-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2024 மே மாதம் ஹைதராபாத்தை ஒட்டிய துர்க்கயம்ஜாலில் அவர் கட்டட வேலைக்குக் கூலியாகப் போய்க்கொண்டிருந்த படம் வெளியாயிற்று. பிறகுதான் உதவிகள் வந்தன. எங்கோ 300 கி.மீ. தள்ளி ஒரு மண்டபத்தில் மாலை போட்ட சிலைக்குக் கும்பிடு போடக் கிளம்புகிறவர்கள், ஒரு மணி நேரத் தொலைவில் சிமெண்டுச் சட்டி தூக்கியவரைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. திட்டத்தின் முதல் வரியில் ஊர்ப்பெயருக்குப் பதில் ஆள்பெயர் இருப்பது நல்லது. வீட்டுக்கு அழைத்து, உரிய சன்மானம் கொடுத்து, கின்னேராவோ மர்ஃபாவோ ஒரு மாலை கேட்பதற்குப் பெட்ரோல் செலவுகூட இல்லை.

கோல்கொண்டா நகரின் மறுகோடியில் இருப்பதால் அதற்கு ஒரு காலைப்பொழுதைத் தனியாக ஒதுக்க வேண்டும். வாசல் மண்டபத்தில் கைதட்டினால் மேலே பாலா ஹிசாரில் கேட்கிறது என்று வழிகாட்டிகள் தட்டிக் காட்டுவார்கள். பிள்ளைகள் நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருப்பார்கள். பார்க்க வேண்டியது ராமதாசர் சிறை. கஞ்செர்ல கோபன்னா, கடைசி குதுப்ஷாஹி சுல்தான் அபுல் ஹசன் தானா ஷாவின் ஆட்சியில் பால்வஞ்சப் பகுதியின் தாசில்தார். அரசின் அமைச்சர்களான அக்கன்னா, மாதன்னா அவருக்குத் தாய்மாமன்கள். வரிப்பணத்தை எடுத்துப் பத்ராசலத்தில் ராமனுக்குக் கோயில் கட்டினார் என்று குற்றச்சாட்டு. 12 ஆண்டு சிறை என்கிறது மரபு. இருட்டறைச் சுவரில் இருக்கும் ராமர், அனுமன் உருவங்கள் அவர் செதுக்கியவை என்பார்கள். ராமனைக் கெஞ்சியும் வைதும் அவர் பாடிய கீர்த்தனைகள் பல இந்தச் சிறையோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. சீதைக்கு வாங்கிய நகைக்கும் லட்சுமணனுக்குப் பண்ணிய பதக்கத்துக்கும் கணக்குக் கேட்டு ராமனை மடக்கும் பாட்டு, தாசில்தார் ஒருவரால் மட்டுமே எழுதக்கூடியது.

தானா ஷா வெறும் கொடுங்கோலன் அல்ல என்பதுதான் இதில் சுவாரசியம். கூச்சிப்பூடி ஆட்டக்காரர்களின் ஆட்டத்தைப் பார்த்து மகிழ்ந்து அந்த ஊரையே அவர்களுக்கு மானியமாகக் கொடுத்தவரும் இவர்தான். மரபு சொல்லும் ஆண்டு 1678. ஆக, ஒரே அரசர் ஒரு கையால் கலைஞர்களுக்கு ஊர் கொடுத்தார், மறு கையால் ஒரு கவிஞரைப் பூட்டி வைத்தார். 1687-ல் ஔரங்கசீப் கோட்டையைப் பிடித்ததும் தானா ஷா தௌலதாபாத் சிறைக்குப் போனார். அங்கேயே இறந்தார். அவர் சிறையில் இருந்ததும் சுமார் 12 ஆண்டுகள்தான்.

வாரங்கல் சாலையில் ராமப்பா கோயில் சுமார் 200 கி.மீ. 1213-ல் காகதீயத் தளபதி ரேசர்ல ருத்ரன் கட்டியது. 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததிலிருந்து கூட்டம் அதிகம். கருங்கல்லில் பளபளக்கும் ஆட்டமகளிர் சிலைகளை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். ஆனால் இந்தக் கல்லுக்குத் துணையாக ஓர் ஏடும் உண்டு. காகதீயர்களின் யானைப்படைத் தலைவர் ஜாயப சேனானி எழுதிய 'நிருத்த ரத்னாவளி' என்ற வடமொழி நூல். 13-ம் நூற்றாண்டு வாரங்கல்லில் பிறந்த அந்த நூல் அச்சேறியது 1965-ல், சென்னையில், வி. ராகவனின் பதிப்பாக. நடராஜ ராமகிருஷ்ணா அந்த நூலையும் இந்தச் சிலைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பேரிணி என்ற ஆண்கள் ஆட்டத்தை மீண்டும் உருவாக்கினார். காலை எட்டு மணிக்குள் போய்விட்டால் நிதானமாகப் பார்க்கலாம். மற்றபடி இங்கே இரவு தங்கக் காரணமில்லை.

அங்கிருந்து ஏட்டூருநாகாரம், மணுகூரு வழியாகக் கோதாவரியை ஒட்டியும் விலகியும் போகும் சாலை பத்ராசலத்தில் கொண்டு விடும். ஜூலை, ஆகஸ்டில் இந்தப் பக்கம் போகக் கூடாது. 1986 ஆகஸ்டில் பத்ராசலத்தில் கோதாவரி 75 அடியைத் தாண்டியது. 2022 ஜூலையில் 71 அடி. அப்போது பாலத்தையே மூடினார்கள். ராமநவமிக் கல்யாணத்துக்குப் போனால் கூட்டத்தில் ராமனையும் பார்க்க முடியாது, பாட்டையும் கேட்க முடியாது. பாட்டுக்காகப் போகிறவர்களுக்கு உரியது மாசி வாக்கில் வரும் ராமதாசர் ஜயந்தி. ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி. திருவையாற்றில் பஞ்சரத்தினம் பாடுவது போல, இங்கே ராமதாசரின் நவரத்தின கீர்த்தனைகளை வித்வான்கள் கூட்டாகப் பாடுகிறார்கள். திருவையாற்றுக்கு இருக்கும் தொலைக்காட்சிக் கூட்டம் இங்கே இல்லை. அது நல்லதே.

தமிழ்நாட்டில் ராமதாசர் புதியவர் அல்ல. தியாகராஜர் அவரை வணங்கிப் பாடியிருக்கிறார். பஜனை மடங்களில் அவருடைய கீர்த்தனைகள் சம்பிரதாயமாகப் பாடப்படுகின்றன. ஆனால் கச்சேரி மேடைக்கும் வீட்டு வானொலிக்கும் அவரைக் கொண்டுவந்ததில் பாலமுரளிகிருஷ்ணாவின் குரலுக்குப் பெரிய பங்கு. கும்பகோணத்து அம்மாளும் அந்த இசைத்தட்டில் கேட்டே முதலில் பாடியவர். கோயிலில் ராமதாசர் செய்து வைத்த நகைகள் இன்னும் இருக்கின்றன. 2014-ல் மாநிலம் பிரிந்தபோது கோயில் தெலங்கானாவில் நின்றது, அதன் நிலத்தில் பெரும்பகுதி ஆந்திரத்துக்குப் போயிற்று. அந்தத் தாசில்தார் இருந்திருந்தால் இதற்கும் ஒரு பாட்டுப் பாடியிருப்பார்.

ராமதாசர் பிறந்த நேலகொண்டபல்லி கம்மத்துக்குப் பக்கம். வீடிருந்த இடத்தில் தியான மந்திரம். பத்து நிமிடம் போதும்.

விஜயவாடாவில் பார்க்க எதுவும் இல்லை என்று பலர் தாண்டிப் போவார்கள். பார்க்க இல்லை என்பது சரி. ஆனால் பாட்டு திரும்பி வந்த வழி இங்கேதான் தெரிகிறது. 19-ம் நூற்றாண்டில் இந்தக் கிருஷ்ணா மாவட்டப் பக்கத்திலிருந்து சுசர்ல தட்சிணாமூர்த்தி சாஸ்திரி தஞ்சாவூருக்குப் போனார். தியாகராஜரின் நேர்ச் சீடரான மானம்புச்சாவடி வேங்கடசுப்பய்யரிடம் கற்றுக்கொண்டு திரும்பினார். தெலுங்கில் எழுதப்பட்ட கீர்த்தனைகளைக் கற்கத் தெலுங்கர் ஒருவர் காவிரிக் கரைக்குப் போக வேண்டியிருந்தது. அவரிடம் கற்றவர் பாருபல்லி ராமகிருஷ்ணய்யா பந்துலு. பந்துலுவிடம் கற்றவர் 1930-ல் கோனசீமாவின் சங்கரகுப்தத்தில் பிறந்த பாலமுரளிகிருஷ்ணா. அவர் விஜயவாடாவில் வளர்ந்து, அங்கு இசைக் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல்வராகி, பிறகு சென்னைக்குப் போய்விட்டார். போனதும் வந்ததும் திரும்பிப் போனதும் எல்லாம் இந்த ஒரே சாலையில்.

விஜயவாடாவிலிருந்து பாமர்ரு வழியாகச் சுமார் 60 கி.மீ. போனால் கூச்சிப்பூடி. அங்கிருந்து சில கி.மீ. தள்ளி முவ்வா. அரசாங்கப் பலகையில் மொவ்வா. திட்டத்தில் ஒரு நாள் முழுவதும் ஒதுக்க வேண்டிய இடம் இதுதான்.

கூச்சிப்பூடி கண்ணுக்குத் தெரிகிற ஊர். சித்தேந்திர யோகியின் பெயரால் தெலுங்குப் பல்கலைக்கழகத்தின் நாட்டியப் பள்ளி இருக்கிறது. வேதாந்தம், வெம்பட்டி, சிந்தா என்று குடும்பப் பெயர்களைக் கேட்டாலே போதும். ஆண்களே பெண் வேடம் கட்டிய மரபு. சத்தியபாமாவாக வேதாந்தம் சத்தியநாராயண சர்மா பின்னலை முன்னே போட்டுத் திரையை விட்டு வெளியே வரும் அழகைப் பார்த்தவர்கள், 2012-ல் அவர் இறந்த பிறகும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் உலகம் இன்று கூச்சிப்பூடி என்று சொல்வது, வெம்பட்டி சின்ன சத்யம் சென்னைக்கு வந்து 1963-ல் பள்ளி தொடங்கிப் பெண்களுக்குச் சொல்லித் தந்த கூச்சிப்பூடி. அதே ஆண்டு அவரும் இறந்தார். தஞ்சை மெலட்டூரில் பாகவத மேளாவைத் தெலுங்கில் ஆடிக்கொண்டிருக்கும் குடும்பங்களையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், ஆட்டம் எத்தனை முறை இந்தச் சாலையில் போய் வந்திருக்கிறது என்று கணக்கு வைக்க முடியாது.

முவ்வா அப்படிக் கண்ணுக்குத் தெரிவதில்லை. சின்ன ஊர். வேணுகோபால சுவாமி கோயில். 17-ம் நூற்றாண்டின் க்ஷேத்ரய்யா தன் பதங்களில் முத்திரையாக வைத்த முவ்வகோபாலன் இவர்தான். க்ஷேத்ரய்யா இந்த ஊரோடு நிற்கவில்லை. தஞ்சாவூரில் விஜயராகவ நாயக்கர், மதுரையில் திருமலை நாயக்கர், கோல்கொண்டா அரசவை என்று சுற்றினார். ஆயிரக்கணக்கில் பாடியதாக அவரே கணக்குச் சொல்லும் பதம் ஒன்று உண்டு. மிஞ்சியவை சில நூறு.

அந்தச் சில நூறும் கோயிலால் மிஞ்சவில்லை. பதத்தில் பேசுகிறவள் பெண். பல பதங்களில் அவள் கணிகை, கோபாலன் அவளிடம் வரும் ஆள். காசு பேசுவாள், கதவைச் சாத்துவாள், இன்னொருத்தியின் வீட்டுச் சந்தன வாசனையோடு வந்தவனைக் குத்திக் காட்டுவாள், பிறகு உருகுவாள். ஏ.கே. ராமானுஜனும் வேல்சேரு நாராயண ராவும் டேவிட் ஷுல்மனும் சேர்ந்து 1994-ல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்புக்குக் 'கடவுள் வாடிக்கையாளராக வரும்போது' என்ற பொருளில் தலைப்பு வைத்தது வேடிக்கைக்காக அல்ல. இந்தப் பாட்டுகளைத் தலைமுறை தலைமுறையாகப் பாடி அபிநயம் பிடித்துக் காத்தவர்கள் தமிழ்நாட்டில் தேவதாசிகள், ஆந்திரக் கரையில் கலாவந்துலு என்று அழைக்கப்பட்ட பெண்கள். 1947-ல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறை தடுப்புச் சட்டம் வந்தது. கிருஷ்ணா, கோதாவரி மாவட்டங்களும் அன்று அந்த மாகாணத்தில்தான் இருந்தன. சிறுமிகளைப் பொட்டுக் கட்டும் வழக்கம் ஒழிய வேண்டியதே. ஆனால் அதோடு கோயிலிலும் கல்யாண வீட்டிலும் பதம் பாடிய வாயும் மூடிற்று. சென்னையில் வீணை தனம்மாளின் வீட்டில் அது தப்பிப் பிழைத்தது. பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் பாடினார்கள், பாலசரஸ்வதி ஆடினார். முவ்வகோபாலனைப் பற்றிய பாட்டை இன்று கேட்க வேண்டுமானால் முவ்வாவில் தேடுவதைவிட மயிலாப்பூரில் தேடுவது சுலபம்.

கும்பகோணத்து அம்மாளின் தயக்கமும் இங்கேதான். இருபது வயதில் கற்ற ஒரே ஒரு பதத்தை அவர் நாற்பது வருடமாகப் பாடுகிறார். சொல்லிக் கொடுத்தவர் அர்த்தம் சொல்லவில்லை. கேட்டதற்கு, "அது பின்னாடி தானா தெரியும்டீ" என்று பேச்சை மாற்றிவிட்டாராம். ஹப்சிகுடாவுக்கு வந்து, பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாவிடம் கேட்டபோது அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "வதினா, இதைப் போயா பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றீங்க?" என்றார். இப்போது முவ்வாவில் அந்தப் பதத்தைக் கோபாலன் முன் பாட வேண்டும் என்று அம்மாளுக்கு ஆசை. பூசாரி விடுவாரா என்று கணவருக்குக் கவலை. "அர்த்தம் தெரிஞ்சா விடமாட்டார். தெரியாமலா இருக்கும், தெலுங்கர் ஆச்சே?" என்கிறார் அவர். "அர்த்தம் தெரிஞ்சவருக்குத்தானே அதைப் பாடறேன்" என்கிறார் அம்மாள்.

உண்மையில் இது பூசாரியின் பிரச்சினை மட்டுமல்ல. க்ஷேத்ரய்யாவுக்குச் சிலை வைப்பதில் யாருக்கும் தயக்கமில்லை. அவர் யாருக்காக எழுதினாரோ, யார் பாடினார்களோ, அவர்களின் பெயரை எழுதி வைக்கத்தான் கை நடுங்குகிறது. முத்திரை வரியில் இருக்கும் கோபாலனை வைத்துக்கொண்டு, பாட்டின் மற்ற வரிகளில் இருக்கும் பெண்ணைத் துடைத்துவிட்ட பக்தி மலிவானது.

கோதாவரி தாண்டியதும் வரும் முரமண்ட, மும்மிடிவரம் போன்ற ஊர்கள் கலாவந்துலு பெண்களுக்குப் பெயர் பெற்றவை. 1990களில் ஸ்வப்னசுந்தரி அவர்களின் ஆட்டத்தைக் கற்று மேடையேற்றினார். கவிஞர் ஆருத்ரா அதற்கு விலாசினி நாட்டியம் என்று பெயர் வைத்தார். 1947-க்கு முன் ஆடிய தலைமுறை ஏறக்குறைய முடிந்துவிட்டது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் வேறு வேலைகளுக்குப் போய், வேறு பெயர்களில் வாழ்கிறார்கள். கதவைத் தட்டி உங்கள் பாட்டி ஆடினாரா என்று கேட்பது அநாகரிகம். கோனசீமாவின் தென்னந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டு பேசாமல் கடந்து போவதே மரியாதை.

விஜயநகரத்தில் நிலைமை வேறு. இங்கே பார்க்கவும் உண்டு, கேட்கவும் உண்டு. மகாராஜா தொடங்கிய இசைக் கல்லூரிக்கு 1919 முதல் வயது. முதல் முதல்வர் ஹரிகதைப் பிதாமகர் ஆதிபட்ல நாராயண தாசு. காலில் சலங்கை, கையில் சிப்ளா, கழுத்தில் மாலையோடு நின்று ஒரே ஆளாக இரவு முழுதும் கதை நடத்திய மனிதர். அவருக்குப் பின் முதல்வரானவர் துவாரம் வெங்கடசாமி நாயுடு. 1919-ல் மாணவராகச் சேர வந்தவரின் வயலினைக் கேட்டுவிட்டு ஆசிரியராகவே சேர்த்துக்கொண்டார்கள் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கதை. கண்பார்வை மங்கலான அந்த வயலினைக் கேட்கச் சென்னை கூடிற்று. 1941-ல் சங்கீத கலாநிதி ஆனார்.

இதே கல்லூரியில் படிக்க வந்த ஏழைப் பையன் ஒருவன் தெருத் தெருவாகப் பிச்சைச் சோறு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு பாட்டுக் கற்றான். ஆந்திரத்தில் மதுகரம் என்பார்கள். அவன்தான் கண்டசாலா. 'தேவதாஸ்' தமிழில் வந்தபோது நம் வீடுகளிலும் அழுத குரல். 1935-ல் இந்த ஊரில் பிறந்து இந்தக் கல்லூரியில் பயின்ற இன்னொருவர் பி. சுசீலா. போதாததற்கு, 'மிஸ்ஸியம்மா'வுக்கு இசையமைத்த ராஜேஸ்வர ராவின் சாலூரும் பக்கத்தில்தான். தமிழ் சினிமாப் பாட்டில் பாதியை ஒரு மாவட்டத்துக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்பது மிகைதான், ஆனால் பெரிய மிகையல்ல. கல்லூரி நடக்கும் நாளில், வகுப்பு வேளையில், அனுமதி கேட்டுக்கொண்டு போக வேண்டும். கோடை விடுமுறையில் போனால் பூட்டுத்தான் வரவேற்கும்.

திருப்பதி, தாள்ளபாகம் ஏன் இல்லை என்று யாராவது கேட்பார்கள். அன்னமய்யாவின் செப்பேடுகளுக்குத் தனிப் பயணம் வேண்டும். இதோடு முடிந்தால் அது மூட்டை கட்டுவதாகிவிடும்.

கடைசி நிறுத்தம் பொப்பிலி, விஜயநகரத்திலிருந்து சுமார் 60 கி.மீ. பக்கத்தில் கொல்லபல்லியில் சர்வசித்தி குடும்பத்தார் பலாமரத்தின் ஒரே துண்டில் குடைந்து வீணை செய்கிறார்கள். பொப்பிலி வீணைக்குப் புவிசார் குறியீடு உண்டு. குறியீடு இருந்தும் கைவினைஞரின் வருமானம் பெரிய வீணையில் இல்லை. பரிசுக்கும் மேஜை அலங்காரத்துக்கும் வாங்கும் பொம்மை வீணையில்தான் இருக்கிறது. கந்தத்தில் கம்பி உண்டு, நாதம் கிடையாது. போகிறவர்களில் பெரும்பாலோர் அதில் ஒன்றை வாங்கிக் காரின் பின்கண்ணாடியில் வைத்துக்கொண்டு திரும்புகிறார்கள். வீணை கற்கும் பிள்ளை வீட்டிலோ தெருவிலோ இருந்தால், வாசிக்கிற வீணைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வரலாம். மரம் காய்ந்து, குடைந்து, மெழுகில் மெட்டுப் பதித்து முடிக்க நாளாகும். அவசரப்படுத்தக் கூடாது.

திரும்பும் வழி 650 கி.மீ.க்கு மேல். ஒரே நாளில் ஓட்டுவது அறுபதைத் தாண்டியவர்களுக்கு உகந்ததல்ல. ராஜமுந்திரியில் ஓரிரவு தங்கிவிட்டு, மறுநாள் விடியலில் கிளம்பினால் விஜயவாடா தாண்டிச் சூர்யாபேட்டையில் மதியச் சாப்பாடு. வெயில் தாழும் நேரத்துக்கு எல்.பி. நகர். அதற்கப்புறம் உப்பல் சந்திப்பின் நெரிசல்தான்.